இஞ்சம்பாக்கத்தில் வாங்கிய நேரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே போனால் கார் ஷோரூம், கல்யாண மண்டபம், பிரியாணிக் கடை, அடுக்குமாடி விளம்பரம் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இஞ்சம்பாக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் அந்த வரிசை அறுந்து, மர நிழலில் கருங்கல் சிற்பங்கள் தெரியும். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு வருகிறவர்கள் சிற்பங்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இடத்தைப் பூங்கா மாதிரி பார்த்துவிட்டு வந்தால் விஷயம் பிடிபடாது. வேலைக்கும் பிழைப்புக்கும் வழி தேடியவர்கள் 1966இல் சேர்ந்து போட்ட குடியிருப்பு இது.

இந்தக் கிராமத்தைப் போட்டவர்களையும் அவர்கள் காலத்து மெட்ராஸ் நவீன ஓவியர்கள், சிற்பிகளையும் சேர்த்துச் சென்னை ஓவிய இயக்கம் என்பார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படங்களைப் பற்றியே எழுதுகிறார்கள்: கோடு, குறியீடு, மரபு, நவீனம். எனக்கு ஆர்வம் அந்த ஆட்களின் வேலைநாள் மேல். காலையில் எழுந்து எத்தனை மணிக்குத் தூரிகையைத் தொட்டார்கள், அந்த மணி நேரத்துக்கு யார் காசு கொடுத்தது, உட்கார்ந்து வேலை செய்த இடம் யாருடையது. ஒரு பெருநகரம் ஓவியன் மேல் கைவைப்பது முதலில் இங்கேதான் என்று நினைக்கிறேன். கற்பனையைத் தொடுவதற்கு முன்னால் அது அவன் கடிகாரத்தைத் தொட்டுவிடுகிறது.

பெரியமேட்டுப் படிப்பு

அன்றைய மெட்ராஸில் ஓவியம் படிப்பதென்றால் பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த ஆர்ட்ஸ் காலேஜ்தான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. சீக்கிரமே அரசு எடுத்துக்கொண்டது. பேர்தான் கலைப் பள்ளி. நடந்தது பெரும்பாலும் கைத்தொழில் பயிற்சி: மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை, செதுக்கு வேலை. தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்று 1957 வரை இருந்த காலத்தில்தான் ஓவியமும் சிற்பமும் அங்கே தலைநிமிர்ந்தன. மெரினா உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். ஆனாலும் பழைய கைத்தொழில் பட்டறைகள் போய்விடவில்லை. ஓவிய மாணவன் வராண்டாவில் நடந்தாலே சுத்தியல் சத்தம் கேட்கும். பின்னால் நடந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்த அன்றைக்குப் பிரச்சினை ஆரம்பித்தது. பம்பாயில் 1952இலேயே ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி வந்துவிட்டது. டெல்லியில் 1954இல் லலித் கலா அகாடமியும் தேசிய நவீனக் கலைக்கூடமும் வந்தன. தனியார் கேலரிகளும் அந்த இரண்டு ஊர்களில்தான் வேர்பிடித்தன. வாங்குகிறவர்கள், எழுதுகிற விமர்சகர்கள், தூதரகக்காரர்கள் எல்லோரும் அங்கே. மெட்ராஸும் பெரிய நகரம்தான். சபாக்கள் இருந்தன, சினிமா ஸ்டுடியோக்கள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கவும் படத்துக்குக் க்யூவில் நிற்கவும் ஆள் இருந்தது. நவீன ஓவியம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுகிறவரைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. அப்படி வாங்கியவர்களிலும் பலர் வெளிநாட்டுக்காரர்கள்.

ஆகவே டிப்ளமா வாங்கியவனுக்கு இருந்த வழிகள் தெரிந்தவைதான். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், விளம்பரக் கம்பெனி, சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், பத்திரிகைக்குப் படம் போடுவது. இதில் எதிலும் பட்டினி இல்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்குப் போய் மாலை ஏழு மணிக்குத் திரும்பி, எட்டுக்குப் பத்து அறையில் நாற்பது வாட் பல்புக்குக் கீழே எண்ணெய் வர்ணம் குழைக்க உட்காருகிறவன் எத்தனை வருஷம் தாக்குப்பிடிப்பான்? மூன்று, நான்கு. அப்புறம் கல்யாணம், குழந்தை. தூரிகை பரணுக்குப் போய்விடும். வகுப்பில் பிரகாசமாக இருந்தவர்கள் இப்படிக் காணாமல் போவதை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

பணிக்கரும் பத்திக் துணியும்

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளவயதில் குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவிலும் இன்சூரன்ஸிலும் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில்தான் ஆர்ட்ஸ் காலேஜில் மாணவராகச் சேர்ந்தார். சம்பளத்துக்கும் படத்துக்கும் நடுவில் இழுபடுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கினார். 1957இல் அதே கல்லூரிக்கு முதல்வரானார். எழுத்தும் ஜாதகக் கட்டமும் குறியீடுகளுமாக நிரம்பிய அவருடைய புகழ்பெற்ற 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1963இல் ஆரம்பிக்கிறது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அவர் வேறொரு கணக்கையும் போட்டுக்கொண்டிருந்தார். மாணவர்களும் இளம் ஓவியர்களும் ஓவியத்தை விடாமல் பிழைக்க வேண்டும். அதற்கு ஓவியத்தையே விற்றாக வேண்டுமா என்ன?

நவீன ஓவியத்தை வாங்க ஆள் இல்லாத ஊரில் கைவினைப் பொருளை வாங்க ஆள் இருந்தது. பத்திக் புடவை, சுவர்த் தொங்கல், ஸ்கார்ஃப், தோல் பை, உலோகத் தட்டு. ஒரு நடுத்தரக் குடும்பம் கண்காட்சிக்கு வந்தால் கான்வாஸைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடும். பத்திக் துணியைக் கையில் எடுத்துப் பார்க்கும், விலை கேட்கும், வாங்கும். உருக்கிய மெழுகால் துணியில் கோடு போட்டு, சாயத்தில் முக்கி, மெழுகை நீக்கி, மறுபடி மெழுகு, மறுபடி சாயம். அடுப்பு, மெழுகு, சாயம், துணி இருந்தால் போதும், பெரிய முதலீடு கிடையாது. கோட்டில் கை பழகியவனுக்கு இது சீக்கிரம் வசப்படும். 1960களின் தொடக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். செய்ததைக் காட்சிக்கு வைத்தார்கள். விற்றது. நன்றாகவே விற்றது.

இந்த இடத்தில் அவர்கள் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். கையில் காசு வந்த இளைஞர்கள் அதைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர்கள் அதை நிலமாக்கினார்கள்.

மணல்

ஏறக்குறைய நாற்பது ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து, நகரத்துக்குத் தெற்கே ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, கடலோரமாகச் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார்கள். மணல்மேடும் சவுக்கும்தான் அங்கே இருந்தன. ஒழுங்கான சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது. முதலில் எழும்பியவை கூரைக் கொட்டகைகள். விவசாயத்துக்கு உதவாத நிலம் என்பதால் விலை இவர்கள் கைக்கு எட்டியது. நகரத்துக்கு அது வேண்டாத இடம். இவர்களுக்கு அந்த வேண்டாமைதான் தேவைப்பட்டது. சோழ மண்டலக் கரையின் பேரையே குடியிருப்புக்கும் வைத்தார்கள். அந்தப் பேரைத்தான் ஐரோப்பிய வாய்கள் கோரமண்டல் ஆக்கின.

ஓவியர்கள் காட்டுக்குப் போனார்கள், இயற்கையோடு கலந்தார்கள் என்கிற மாதிரி சோழமண்டலத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காட்டுக்குப் போகிறவன் ஒன்பது கிலோமீட்டரில் நிற்க மாட்டான். வாங்குகிறவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள், கண்காட்சிக் கூடம் நகரத்தில், சாயமும் செப்புத் தகடும் கிடைக்கிற பாரிமுனையும் பெரியமேடும் நகரத்தில், பணிக்கர் வேலை பார்த்த கல்லூரி நகரத்தில். 1967இல் ஓய்வு பெறும்வரை அவர் முதல்வர்தானே. அதனால் காலையில் கிளம்பினால் காரியத்தை முடித்துக்கொண்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்கிற தூரம் வேண்டும். அதே சமயம் சம்பள வேலைக்குத் தினமும் போய்வரத் தோன்றாத அளவுக்குத் தள்ளியும் இருக்க வேண்டும். இஞ்சம்பாக்கம் இரண்டுக்கும் பொருந்தியது. நகரத்தை விட்டு ஓடவில்லை அவர்கள். நகரத்தைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார்கள்.

வாழ்க்கை முறையும் ஆசிரமம் மாதிரி இல்லை. பொதுச் சமையல் கிடையாது, ஒரே கலைக்கொள்கை கிடையாது. அவரவர் வீடு, அவரவர் பட்டறை. பொதுவாக இருந்தது விற்பனைக்கான ஏற்பாடு: காட்சிக்கூடம், கைவினை விற்பனை, பின்னால் திறந்தவெளி அரங்கம். இடைத்தரகர் இல்லாமல் விற்று, அதில் ஒரு பங்கைப் பொது நிர்வாகத்துக்குக் கொடுத்தார்கள். தினமும் சில மணி நேரம் கைவினை, மிச்ச நேரம் சொந்த வேலை. அரசு மானியத்தில் நடந்த இடம் அல்ல என்பதை அங்கே இருப்பவர்கள் இன்றும் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்வார்கள். சொல்லட்டும், நியாயமான கர்வம்.

கடிகாரம் படத்துக்குள் நுழைந்த கதை

பிழைப்புக்குச் செய்த வேலை சொந்தக் கலையைத் தொடாமல் இருக்கும் என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கலாம். காலையில் சோற்றுக்கு, மதியத்துக்கு மேல் ஆத்மாவுக்கு என்று. அப்படி நடக்கவில்லை. அந்தக் கிராமத்தில் நடந்ததிலேயே மிகச் சுவாரஸ்யமானது இதுதான் என்பேன்.

பி.வி. ஜானகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். சிற்பி. பாரம்பரியமாக வெண்கலச் சிற்பம் என்றால் மெழுகில் வார்ப்படம் எடுத்து உலோகத்தை உருக்கி ஊற்ற வேண்டும். சூளை வேண்டும், கனமான உலோகம் வேண்டும், ஆள்பலம் வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் இளைஞனுக்கு இது எட்டாது. ஜானகிராம் தகட்டுக்குப் போனார். செப்புத் தகட்டை வெட்டி, தட்டி, வளைத்து, மேலே கம்பியும் சிறு துண்டுகளும் பற்றவைத்து உருவம் எழுப்பினார். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசமும் கதவில் பதித்த உலோகத் தகடும் நமக்குத் தெரிந்தவைதானே? அந்தக் கம்மியர் வேலையின் நுட்பம்தான் இது. முன்பக்கம் முழு அலங்காரம், பின்பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கவசத்துக்கு முதுகு எதற்கு?

எஸ். நந்தகோபால் பணிக்கரின் மகன், 1946இல் பிறந்தவர். அவர் இந்த வழியில் இன்னும் தூரம் போனார். செம்பும் பித்தளையும் பற்றவைத்து, வெள்ளி முலாமும் எனாமலும் சேர்த்து, சுவரில் சாய்த்துப் பார்க்கத் தோன்றும் உயரமான உருவங்கள். சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் நடுவில் நிற்கிற பொருள்கள். சுற்றிவந்து பார்ப்பதற்கு அவை அவ்வளவாக இடம் தராது. எதிரே நின்று பார்க்கச் சொல்லும். சென்னைச் சிற்பத்தின் இந்த முன்முகத் தன்மையைப் பற்றி விமர்சகர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். கோயில் மரபு, நாட்டார் மரபு என்று அவர்கள் காட்டும் வேர்கள் எல்லாம் சரிதான். அந்த வேர்களோடு பட்டறைக் கணக்கையும் சேர்க்க வேண்டும். தகடு எடை குறைவு. ஒரே ஆளால் தூக்க முடியும். சூளை வேண்டாம். கைவினைக்கென்று வாங்கிய சுத்தியலும் பற்றவைப்புக் கருவியும் ஏற்கெனவே பட்டறையில் கிடக்கின்றன. கை காலையெல்லாம் அதே உலோகத்தைத் தட்டிப் பழகியிருக்கிறது. அந்தக் கை மதியம் வேறு எதைத் தேடிப் போகும்?

ஓவியர்களிடமும் இதைப் பார்க்கலாம். பத்திக்கில் மெழுகுக் கோடு போட்டால் அழிக்க முடியாது. வர்ணம் தட்டையாக நிற்கும். நிழலும் ஆழமும் காட்ட இடமில்லை. எல்லைக்கோடும் நிரப்பலும் அலங்காரமும்தான் அதன் மொழி. சென்னை ஓவியர்களின் கோட்டு மோகத்துக்குப் பத்திக்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கோடு அவர்களுக்கு வகுப்பறையிலேயே வந்துவிட்டது. ஆனால் நகரத்தில் விளம்பரக் கம்பெனி மேஜையில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு சோப்பு டப்பாவுக்குப் போயிருக்கும். இங்கே அது துணிக்குப் போய், துணியிலிருந்து கான்வாஸுக்குத் திரும்பி வந்தது. எஸ்.ஜி. வாசுதேவ் ஓவியத்தோடு செப்புப் புடைப்பு வேலையும் செய்தார். எம். சேனாதிபதி உலோகத்திலும் வர்ணத்திலும் மாறிமாறி வேலை செய்தார். இவர் ஓவியர், அவர் கைவினைஞர் என்று பிரித்து வைக்கிற கோடு அங்கே அழிந்துபோனது. கல்லூரி வராண்டாவில் கேட்ட சுத்தியல் சத்தம் என்று முதலில் சொன்னேனே, அது இஞ்சம்பாக்கம் வரை வந்திருந்தது.

நகரத்துக்குள்ளேயே இருந்தவர்கள்

சோழமண்டலத்தை மட்டும் பார்த்தால் நகரத்தில் இருந்தவர்கள் எல்லாம் தோற்றவர்கள் என்று தோன்றிவிடும். அது உண்மையில்லை. எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ் போன்றவர்கள் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே வேலை செய்தார்கள். ஆசிரியர் வேலையில் சம்பளம் கூடுதலில்லை, ஆனால் விடுமுறையும் பட்டறையும் மாணவர்களும் உண்டு. ஓவியனுக்கு நகரம் தரும் வேலைகளில் கொஞ்சம் தாராளமானது அதுதான். என்ன, இடங்கள் ஒரு கைப்பிடிக்கு மேல் கிடையாது.

இன்னொரு வழி நெசவாளர் சேவை மையம். கைத்தறிக்குப் புதிய வடிவமைப்பு செய்ய மத்திய அரசு 1950களில் தொடங்கிய அமைப்பு. வடிவமைப்பாளர்களாக ஓவியர்களையே எடுத்தது. ரெட்டப்ப நாயுடு அங்கே வேலை பார்த்தார், கே.எம். ஆதிமூலமும் பார்த்தார். துறையூர்ப் பக்கம் கீராம்பூரிலிருந்து வந்த ஆதிமூலம் நகரத்தைப் பயன்படுத்திக்கொண்ட விதம் சோழமண்டலத்துக்கு நேர் எதிரானது. சம்பளம் ஓரிடத்தில். சாயங்காலம் எழுத்தாளர்களோடு. சிறுபத்திரிகைக்கும் பெரும்பத்திரிகைக்கும் கோட்டோவியங்கள், அட்டைகள், தலைப்பெழுத்துகள். காந்தி நூற்றாண்டில், 1969இல், கறுப்பு வெள்ளையில் காந்தியை நூறு விதமாக வரைந்தார். நவீன ஓவியம் என்றாலே மிரண்ட தமிழ் வாசகன் அதைப் பெட்டிக்கடையில் தொங்கிய பத்திரிகையில் பார்த்துப் பழகியது பெருமளவுக்கு அவரால்தான். ஊருக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது. அச்சகமும் ஆசிரியர் குழுவும் டீக்கடையும் பக்கத்தில் இருக்க வேண்டும் இதற்கு.

மூன்றாவதாக ஒரு பெரிய கூட்டம் இருந்தது, கலை வரலாற்றில் அவர்களைச் சேர்ப்பதே இல்லை. மவுண்ட் ரோட்டில் நாற்பது அடி, ஐம்பது அடி கட்-அவுட்டும் பேனரும் எழுதியவர்கள். தொழிலில் 'வரைவது' என்று சொல்ல மாட்டார்கள், 'எழுதுவது'தான். சிறிய ஸ்டில்லைக் கட்டம் போட்டு, அதைப் பலகைக்குப் பெருக்கி, முகத்தை மாஸ்டர் எழுத, உடுப்பையும் பின்னணியையும் உதவியாளர்கள் நிரப்ப, எழுத்துக்குத் தனியாள். சதுர அடிக் கணக்கில் கூலி. வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் வியாழன் ராத்திரி தூக்கம் கிடையாது. அந்தக் கடிகாரத்தையும் நகரம்தான் வைத்திருந்தது. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் பிரின்டிங் வந்ததும் சில வருஷங்களில் அந்த வேலை போய்விட்டது. 2009இல் மாநகராட்சி போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்கச் சாலையோரச் சுவர்களில் ஓவியம் வரையச் சொன்னபோது, வந்து வரைந்தவர்களில் பலர் இந்தப் பழைய பேனர் ஆர்ட்டிஸ்டுகள். இவர்களுக்கும் ஒரு சங்கம் இருந்து, கட்-அவுட் காசு கொழித்த 1970களில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தால் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அவர்களுக்கு ஒரு பணிக்கர் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாராவாரம் ரிலீஸ் தேதியோடு ஓடுகிறவர்களால் ஓரிடத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

விலை

சோழமண்டலத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதை மறைத்து எழுதினால் இது ஆய்வு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

முதலாவது, தனிமை. பேச ஆள் உண்டு, ஆனால் அதே ஆட்கள்தான். காலையிலும் அவர்கள், மாலையிலும் அவர்கள். இருபது முப்பது கலைஞர்கள் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தால் நட்பும் வளரும், புகைச்சலும் வளரும்; இதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை, எந்தத் தெருவையும் பார்த்தால் போதும்.

கிராமத்தில் இருந்த ஓவியர் கே. ராமானுஜத்தின் கதை இதைவிடக் கனமானது. 1940இல் பிறந்தவர். பேச்சும் மனநிலையும் அவரைச் சிரமப்படுத்தின. மைக்கோட்டில் அவர் எழுப்பிய கனவு நகரங்களில் மண்டபங்கள், படிக்கட்டுகள், பறக்கும் பிராணிகள், நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதன் எல்லாம் உண்டு. இந்திய ஓவியத்தில் அதற்கு இணை குறைவு. நகரத்துத் தெருக்கள் அவரை விழுங்கியிருக்கும்; கிராமம் அவருக்கு இடமும் வேலையும் தந்தது. ஆனால் 1973இல், முப்பத்து மூன்று வயதுக்குள், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சக ஓவியர்கள் செய்ய முடிந்ததற்கு ஓர் எல்லை உண்டு. மருத்துவம், பராமரிப்பு என்று நகரத்தில் இருந்த எதுவும் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது, சந்தை. கிராமம் பிழைப்பைத் தீர்த்தது, பெயரைத் தீர்க்கவில்லை. டெல்லியிலும் பம்பாயிலும் இருந்தவர்களுக்குக் கிடைத்த கவனம் இவர்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஏலச் சந்தை சூடுபிடித்த காலத்தில்கூட பம்பாய் முற்போக்காளர்கள் என்ற ஓவியர் குழுவின் படங்கள் போன உயரத்துக்குச் சென்னைப் படங்கள் போகவில்லை. அக்கித்தம் நாராயணனும் வி. விஸ்வநாதனும் 1960களின் கடைசியிலேயே பாரிஸில் போய்த் தங்கிவிட்டார்கள். வாசுதேவ் 1988இல் பெங்களூருக்குப் போனார். போனவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கிராமம் போட்டவர்களே ஒவ்வொருவராக இன்னொரு நகரத்தைத் தேடிப் போனார்கள் என்பதைக் கணக்கில் எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. பத்து ஏக்கர் என்பது பத்து ஏக்கர்தான். மனைகள் பிரிந்தாயிற்று, வீடுகள் எழும்பியாயிற்று. அடுத்த வருஷம் பெரியமேட்டில் படித்து முடித்தவனுக்கு அங்கே இடம் எங்கே? ஏற்பாடு ஒரு தலைமுறைக்குப் பிரமாதமாக வேலை செய்தது. அடுத்த தலைமுறைக்கு அது போய்ப் பார்த்துவிட்டு வரும் இடமாகிவிட்டது. 1978இல் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையம் வந்ததும், அச்சுக்கலை, பீங்கான், சிற்பம் எல்லாவற்றுக்கும் பட்டறைகளைக் குறைந்த கட்டணத்தில் திறந்துவிட்டதும் இந்த வகையில் பெரிய விஷயம். சென்னையில் அதற்கப்புறம் வந்த ஓவியர்கள் பலரின் வேலைநாள் கிரீம்ஸ் சாலையை நம்பியே நடந்தது. இடம் சொந்தமில்லை, சாயங்காலம் பூட்டிவிடுவார்கள், ஆனால் யாருக்கும் கதவு திறந்திருந்தது.

நகரம் வந்து சேர்ந்தது

நியூயார்க்கில் இதே காலத்தில் வேறு மாதிரி நடந்தது. மன்ஹாட்டனின் சோஹோ பகுதியில் தொழிற்சாலைகள் காலிசெய்துவிட்டுப் போன பெரிய பெரிய மாடிகளில் ஓவியர்கள் சட்டத்துக்கு விரோதமாகக் குடியேறினார்கள். 1971இல் நகர நிர்வாகம், ஓவியர் என்று சான்று பெற்றவர்கள் அங்கே குடியிருக்கலாம் என்று விதியை மாற்றியது. ஓவியர் இருக்கிற இடம் என்றதும் கேலரி வந்தது, கேலரி வந்ததும் உணவகம், உணவகம் வந்ததும் பணக்காரர்கள். வாடகைக்கு இருந்த ஓவியர்கள் பலர் அடுத்த இருபது வருஷத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள். மாடியைச் சொந்தமாக வாங்கிப்போட்டவர்கள் தப்பினார்கள். 1968இல் ஸ்பிரிங் தெருவில் முழுக் கட்டடத்தையே வாங்கிய அமெரிக்கச் சிற்பி டொனால்ட் ஜட் அப்படித் தப்பியவர்களில் ஒருவர்.

இஞ்சம்பாக்கத்திலும் நகரம் வந்தது, கொஞ்சம் மெதுவாக. 2000களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிச் சுங்கச்சாலையானது. பண்ணை வீடுகள் வந்தன, கேளிக்கைப் பூங்காக்கள் வந்தன, பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கம்பெனிச் சம்பளம் வந்தது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது இஞ்சம்பாக்கமும் உள்ளே இழுக்கப்பட்டது. நகரத்துக்கு வெளியே வைத்த கிராமம், நாற்பத்தைந்து வருஷத்தில், உட்கார்ந்த இடத்திலேயே நகரமாகிவிட்டது. சோஹோ வாடகைக்காரர்களுக்கு நடந்தது இங்கே நடக்காததற்கு ஒரே காரணம் பத்திரம். பத்திக் காசில் அன்றைக்கு வாடகைக்கு ஒரு பெரிய பங்களா எடுத்திருந்தார்கள் என்றால் இன்று எழுத ஒன்றும் இருந்திருக்காது.

பணிக்கர் 1977இல் போய்விட்டார். ஜானகிராம் 1995இல், நந்தகோபால் 2017இல். இருக்கிறவர்களும் வயதானவர்கள். 2009இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பணிக்கர் படங்களோடு, கிராமத்தில் இருந்தவர்கள், போனவர்கள், கிராமத்துக்கே வராத சமகாலத்தவர்கள் எல்லோருடைய வேலையும் அங்கே ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. சந்தை செய்யாததைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் அதிக தூரமில்லாமல் கண்ணகி நகர் இருக்கிறது. நகரத்தின் உள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளை 2000இலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய இடம். 2020இல் அதன் அடுக்குமாடிச் சுவர்களில் வெளியூர், வெளிநாட்டு ஓவியர்கள் வந்து பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைந்தார்கள். ஓர் அமைப்பு திட்டம் போடுகிறது, ஒரு பெயிண்ட் கம்பெனி ஆதரிக்கிறது, ஓவியர் வருகிறார், கிரேனில் ஏறுகிறார், சில நாட்களில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார். இன்றைய இளம் ஓவியரின் வேலைநாள் பெரும்பாலும் இப்படித்தான்: திட்டம், முன்பணம், கெடு, அடுத்த திட்டம். பட்டறை லேப்டாப்பில் இருக்கிறது. பேனர் எழுதியவர்களின் வியாழக்கிழமை ராத்திரியை எனக்கு இது கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறது, கூலி மட்டும் மேல்.

சோழமண்டலத்தில் பத்திக் இப்போது பெரிய வருமானம் இல்லை. அருங்காட்சியகத்தோடு சேர்ந்த இரண்டு கேலரிகளை வெளி ஓவியர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வந்து தங்கி வேலை செய்கிற கலைஞர்களுக்கு விருந்தினர் அறை உண்டு. புத்தகமும் கைவினைப் பொருளும் விற்கிற கடை உண்டு, சாப்பாட்டுக்கு இடம் உண்டு. கண்காட்சி வைக்க வருகிற இளைஞர்களில் பலர் நகரத்துக்குள் ஏதாவது வேலை பார்க்கிறவர்கள். படங்களைச் சுவரில் மாட்ட லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். கேலரி வாடகையைச் சம்பளத்திலிருந்து கட்டுகிறார்கள்.